சுழியத் திருப்பப் புல்வெட்டி

சுழியத் திருப்பப் புல்வெட்டி என்பது ஓட்டுநர் அமர்ந்து செலுத்தும் ஒரு வகைப் புல்வெட்டும் இயந்திரம் ஆகும். இது நின்ற இடத்திலேயே தன்னைச் சுற்றித் திரும்ப வல்லது. அதாவது, இது திரும்பும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழச் சுழியம் ஆகும். இதுவே இப்பெயருக்குக் காரணம். ஆங்கிலத்தில் இது சீரோ டர்ன் மோவர் என அழைக்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் பெரிய வீட்டுப் புல்வெளிகள், பூங்காக்கள், கல்லறைத் தோட்டங்கள், பள்ளி மைதானங்கள் ஆகியவற்றில் இது பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. மரங்களையும் பூம்பாத்திகளையும் ஒட்டி எளிதாக வளைந்து செல்வதால் இதைக்கொண்டு விரைவாகப் புல் வெட்டலாம். ஆயினும் திசை திருப்புதல், வேகம், நிறுத்தம் ஆகிய மூன்றும் இரண்டு பின்சக்கரங்களையே சார்ந்திருப்பதால், சரிவுகளிலும் ஈரத் தரையிலும் இதனைத் தனிக் கவனத்துடன் இயக்க வேண்டும்.

வரலாறு

முதலாவது புல்வெட்டும் இயந்திரத்துக்கு இங்கிலாந்தின் குளொஸ்டர்சயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அது கையால் தள்ளப்படுவது. அமர்ந்து ஓட்டும் புல்வெட்டிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவில் பரவலாயின. அக்காலத்தில் மிசூரி மாநிலத்தின் வாரன்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த மாக்ஸ் சுவிஷர், மிகக் குறுகிய இடத்தில் திரும்பக்கூடிய மூன்று சக்கரப் புல்வெட்டி ஒன்றை உருவாக்கினார். இரண்டு நெம்புகோல்களால் இயக்கப்படும் வகையை 1960களில் கான்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ரெஜியர் வடிவமைத்தார். இது எக்செல் நிறுவனத்தால் 'ஹஸ்லர்' என்னும் பெயரில் விற்கப்பட்டது. 1970களில் அதே மாநிலத்தின் டிக்சன் நிறுவனம் வீட்டுப் பயன்பாட்டுக்கான சிறிய வகைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பெட்ரோலில் இயங்குவனவற்றோடு மின்கலத்தில் இயங்குவனவும் விற்பனையில் உள்ளன.

அமைப்பு

இவ்வியந்திரத்தின் முதன்மையான பகுதிகள் பின்வருமாறு:

- செலுத்து சக்கரங்கள்: பின்புறம் உள்ள இரண்டு பெரிய சக்கரங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே இயக்கப்படுகிறது.
- சுழல் சக்கரங்கள்: முன்புறம் உள்ள இரண்டு சிறிய சக்கரங்கள். அலுவலக நாற்காலியின் சக்கரங்களைப் போல இவை எத்திசையிலும் தாமாகவே திரும்பும். பெரும்பாலான வகைகளில் இவற்றுக்குத் திசைமாற்றியோ பிரேக்கோ கிடையாது.
- நெம்புகோல்கள்: ஓட்டுநரின் தொடைகளுக்கு மேலாக அமைந்த இரண்டு கைப்பிடிகள். இடது கைப்பிடி இடது பின்சக்கரத்தையும் வலது கைப்பிடி வலது பின்சக்கரத்தையும் கட்டுப்படுத்தும்.
- ஹைட்ரோஸ்டாடிக் செலுத்தி: எஞ்சினின் ஆற்றலை எண்ணெய் அழுத்தத்தின் மூலம் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் பம்பும் மோட்டாரும் சேர்ந்த அமைப்பு. இரண்டு சக்கரங்களுக்கும் தனித்தனியாக ஒன்று உண்டு. மின்கல வகைகளில் இதற்குப் பதிலாக மின்மோட்டார்கள் உள்ளன.
- வெட்டுத்தளம்: சுழலும் கத்திகளை மேலிருந்து மூடியிருக்கும் எஃகுக் கவசம். இதன் அகலம் பொதுவாக 42 முதல் 72 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 107 முதல் 183 செ.மீ. வரை இருக்கும்.
- கத்திக் கிளட்ச்: கத்திகளை எஞ்சினுடன் இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் அமைப்பு. பெரும்பாலும் மின்காந்தத்தால் இயங்கும் இதனை ஒரு பொத்தான் கட்டுப்படுத்துகிறது.
- கவிழ்வுக் காப்புச் சட்டம்: இருக்கைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் எஃகு வளைவு. இயந்திரம் கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காக்க இது உதவுகிறது. எல்லா வகைகளிலும் இது இருப்பதில்லை.

அமெரிக்கப் பாதுகாப்புத் தரமான அன்சி பி71.1, கத்தி முனையின் வேகத்தை நிமிடத்துக்கு 19,000 அடிக்குள் கட்டுப்படுத்துகிறது. இது மணிக்கு ஏறத்தாழ 347 கி.மீ. ஆகும். இவ்வேகத்தில் கத்தியில் படும் சிறு கல் அல்லது கம்பித் துண்டு, நெடுந்தொலைவு பாய்ந்து காயம் ஏற்படுத்தக்கூடியது.

இயங்கும் தத்துவம்

இவ்வியந்திரம் திரும்பும் விதத்தைச் சக்கர நாற்காலியோடு ஒப்பிடலாம். இரண்டு சக்கரங்களையும் சமமாக உருட்டினால் நாற்காலி நேராகச் செல்லும். ஒன்றைக் கூடுதலாக உருட்டினால் மறுபக்கம் திரும்பும். ஒன்றை முன்னோக்கியும் மற்றொன்றைப் பின்னோக்கியும் உருட்டினால் நின்ற இடத்திலேயே சுழலும். சுழியத் திருப்பப் புல்வெட்டியும் அவ்வாறே. நெம்புகோலை முன்னே தள்ளினால் அப்பக்கச் சக்கரம் முன்னோக்கியும், பின்னே இழுத்தால் பின்னோக்கியும் சுழலும். நடுநிலையில் வைத்தால் சக்கரம் நின்றுவிடும்.

எனவே, திசைமாற்றி, முடுக்கி, பிரேக் ஆகிய மூன்றின் வேலையையும் இவ்விரு நெம்புகோல்களே செய்கின்றன. தரையில் பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் இருக்கும்வரை இது ஒரு வசதியே. பிடிமானம் போய்விட்டால் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. சாதாரணப் புல்வெட்டி டிராக்டரில் பின்சக்கரங்கள் வழுக்கினாலும், முன்சக்கரங்களைத் திருப்பித் திசையை ஓரளவு மாற்ற இயலும். நெம்புகோல் வகையில் அதற்கும் வழியில்லை. முன்சக்கரங்கள் இயந்திரம் வழுக்கும் திசையிலேயே உருண்டு செல்லும். இவ்வியந்திரத்துக்கான பாதுகாப்பு விதிகள் பலவும் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறந்தவை.

இயக்கும் முறை

வேலைக்கு முன்

அந்தந்த இயந்திரத்தின் கையேட்டை முழுமையாகப் படித்திருக்க வேண்டும். புல்வெளியை ஒருமுறை நடந்து பார்த்துக் கல், கம்பி, கிளை, விளையாட்டுப் பொருள் முதலியவற்றை அகற்ற வேண்டும். குழிகள், மரவேர்கள், நீர்த்தெளிப்பான் முனைகள், சரிவுகள் ஆகியவற்றின் இடங்களை மனத்தில் கொள்ள வேண்டும். வழுக்காத மூடிய காலணி, முழுக்காற்சட்டை, கண்ணாடிக் கவசம், காதுக் கவசம் ஆகியன அணிதல் வேண்டும்.

புறப்படுதல்

1. இருக்கையில் அமர்ந்து பார்க்கிங் பிரேக்கை இட வேண்டும்.
2. நெம்புகோல்களை வெளிப்புறமாக விரித்து நடுநிலைப் பூட்டில் வைக்க வேண்டும்.
3. கத்திப் பொத்தான் அணைந்திருப்பதை உறுதி செய்ய வேண்டும்.
4. எஞ்சினை இயக்கிச் சற்றுநேரம் சூடேற விட வேண்டும்.
5. பிரேக்கை விடுவித்து, நெம்புகோல்களை உட்புறம் கொண்டுவந்து, இரண்டையும் சமமாகவும் மெதுவாகவும் முன்னே தள்ள வேண்டும்.

புதிதாகப் பழகுவோர் கத்திகளை இயக்காமல், சமதளமான திறந்த வெளியில், குறைந்த வேகத்தில் பழகுவது நல்லது. நெம்புகோலின் சிறு அசைவுக்கும் இயந்திரம் உடனே திரும்பும் என்பதால், தொடக்கத்தில் பாம்பு ஊர்வது போல வளைந்து செல்வது இயல்பு. கைகளை விறைப்பாக வைக்காமல், நெம்புகோல்களைச் சிறிது சிறிதாக நகர்த்தப் பழகினால் இது சரியாகிவிடும்.

வெட்டுதல்

கத்திகளை இயக்கிய பின் எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, நகரும் வேகத்தை நெம்புகோல்களால் மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். எஞ்சின் வேகம் குறைந்தால் கத்தியின் வேகமும் குறைந்து, புல் வெட்டுப்படாமல் பிய்ந்துபோகும். ஒரே முறையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது என்பது பொதுவான விதி.

வரிசையின் முடிவில் திரும்பும்போது ஒரு சக்கரத்தை நிறுத்தி வைத்து மற்றதை மட்டும் சுழற்றினால், நின்ற சக்கரம் புல்லை வேரோடு கிழித்துவிடும். ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் உருளுமாறு, வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும். பக்கவாட்டில் புல் வெளியேறும் வாயின் தடுப்பு மூடியைக் கழற்றிவிட்டு இயக்கக் கூடாது. அவ்வாய் ஆட்கள், வாகனங்கள், சாலை ஆகியவற்றை நோக்கி இராதவாறு வெட்டும் திசையை அமைத்துக்கொள்ள வேண்டும்.

இறங்குதல்

இருக்கையை விட்டு எழும் முன் சமதளத்தில் நிறுத்திக் கத்திகளைத் துண்டித்து, நெம்புகோல்களை விரித்து, பார்க்கிங் பிரேக்கை இட்டு, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிட வேண்டும். எல்லாப் பகுதிகளும் அசைவற்று நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு

சரிவுகள்

பல கையேடுகள் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் இயக்கக் கூடாது என்கின்றன. சில வகைகளுக்கு இவ்வரம்பு இன்னும் குறைவு. சரிவை எளிதாக அளக்க, ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தின் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கத்தில் வைத்து, ரசமட்டத்தின் உதவியுடன் சட்டத்தைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். மறுமுனைக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரம் 27 செ.மீ. எனில் சரிவு ஏறத்தாழ 15 பாகை ஆகும்.

சரிவில் கீழ்நோக்கிச் செல்லும்போது இயந்திரத்தின் எடையில் ஒரு பகுதி பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. பிரேக்காகச் செயல்பட வேண்டிய பின்சக்கரங்களின் பிடிமானம் அப்போது குறைகிறது. அந்நிலையில் நெம்புகோல்களைச் சடுதியில் பின்னே இழுத்தால் சக்கரங்கள் வழுக்கத் தொடங்கும். குறுக்காகச் செல்லும்போது பக்கவாட்டில் கவிழும் இடர் உண்டு. சில கையேடுகள் மேலும் கீழுமாகவும், வேறு சில குறுக்காகவும் வெட்டச் சொல்கின்றன. இது இயந்திரத்தின் எடைப் பகிர்வைப் பொறுத்தது என்பதால், அந்தந்தக் கையேட்டையே பின்பற்ற வேண்டும். எவ்வகையாயினும் சரிவில் சடுதியாகத் திரும்புதல், நிற்றல், புறப்படுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஏறும்போது சக்கரங்கள் பிடிமானம் இழந்தால், கத்திகளைத் துண்டித்துவிட்டு மெதுவாக நேரே கீழிறங்க வேண்டும். ஈரமான புல்லில் சிறு சரிவும் இடரானது.

நீர்நிலைகளும் விளிம்புகளும்

குளக்கரை, கால்வாய், தாங்குசுவர் ஆகியவற்றின் விளிம்பில் மண் இடிந்து இயந்திரம் உருண்டுவிடலாம். நீரில் தலைகீழாகக் கவிழ்ந்தால், அதன் அடியில் சிக்கிய ஓட்டுநர் ஆழமற்ற நீரிலும் மூழ்கி இறக்க நேரிடும். இத்தகைய விளிம்புகளிலிருந்து இயந்திர அகலத்தைப் போல் இரு மடங்கு தொலைவை விட்டு வெட்டுமாறு கையேடுகள் அறிவுறுத்துகின்றன. எஞ்சிய புல்லைக் கையால் தள்ளும் புல்வெட்டியாலோ நைலான் இழைப் புல்வெட்டியாலோ வெட்டலாம்.

கவிழ்வுக் காப்புச் சட்டம் நிமிர்ந்திருக்கும்போது இருக்கைப் பட்டியைக் கட்டாயம் அணிய வேண்டும். பட்டி அணியாதவர் கவிழும்போது தூக்கி எறியப்பட்டு, அச்சட்டத்தின் அடியிலேயே சிக்கக்கூடும். தாழ்ந்த கிளைகளுக்காகச் சட்டத்தை மடக்கியிருக்கும்போது பட்டியை அணியக் கூடாது. காப்பு இல்லாத நிலையில் பட்டி ஓட்டுநரை இயந்திரத்தோடு பிணைத்துவிடும் என்பதே காரணம். கிளைகளைக் கடந்தவுடன் சட்டத்தை மீண்டும் நிமிர்த்த வேண்டும்.

குழந்தைகள்

குழந்தைகளுக்கு இவ்வியந்திரத்தின் மீது ஈர்ப்பு உண்டு. கடைசியாகப் பார்த்த இடத்திலேயே குழந்தை இருக்கும் என்று ஓட்டுநர் எண்ணிவிடலாகாது. எஞ்சின் இரைச்சலில் பின்னால் ஓடிவரும் குழந்தையின் குரல் கேட்காது. எனவே பின்னோக்கிச் செலுத்தும் முன்பும் செலுத்தும்போதும் பின்னாலும் கீழேயும் பார்க்க வேண்டும். யாரேனும் அருகில் வந்தால் கத்திகளை உடனே நிறுத்த வேண்டும். மடியில் குழந்தையை அமர்த்தி ஓட்டுதல், கத்திகள் நின்றிருந்தாலும் கூடாது. ஒருமுறை ஏற்றப்பட்ட குழந்தை, மறுமுறையும் ஏற விரும்பி இயந்திரத்தின் அருகே ஓடிவரக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், அமர்ந்து ஓட்டும் புல்வெட்டியை 16 வயதுக்குக் குறைந்தோர் இயக்கக் கூடாது என்றும், புல் வெட்டும்போது 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் வீட்டினுள் இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது.

தானியங்கு நிறுத்த அமைப்பு

கத்திகள் ஓடும்போது ஓட்டுநர் எழுந்தால் எஞ்சினை நிறுத்தும் வகையில் இருக்கையின் அடியில் ஒரு மின்விசை உள்ளது. கத்திப் பொத்தான் இயக்கத்தில் இருந்தாலோ, நெம்புகோல்கள் உட்புறம் இருந்தாலோ எஞ்சின் புறப்படாதவாறும் மின்விசைகள் உள்ளன. இவற்றை நாள்தோறும் சோதிக்க வேண்டும். மேடுபள்ளங்களில் எஞ்சின் அடிக்கடி நிற்கிறது என்பதற்காக இருக்கை மின்விசையைக் கம்பியால் இணைத்துச் செயலிழக்கச் செய்வோர் உண்டு. அவ்வாறு செய்த இயந்திரத்தில், தூக்கி எறியப்பட்டவர் கீழே விழுந்த பின்னும் கத்திகள் ஓடிக்கொண்டே இருக்கும். பழுதான மின்விசையை மாற்றுவதே முறை.

எரிபொருளும் ஏற்றி இறக்குதலும்

எஞ்சின் ஆறிய பின், திறந்த வெளியில் மட்டுமே பெட்ரோல் நிரப்ப வேண்டும். பெட்ரோல் கலனை வாகனத்தின் நெகிழி விரிப்பின் மீது வைத்து நிரப்பினால் நிலைமின்னூட்டத்தால் தீப்பற்றலாம். கலனைத் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வளிமம் சேர்ந்து உயிரைப் பறிக்கலாம்.

இழுவண்டியில் ஏற்றுவதற்கு, இயந்திரத்தின் முழு அகலத்தையும் தாங்கும் ஒரே சாய்தளம் தேவை. அதன் நீளம், தரையிலிருந்து வண்டித் தட்டின் உயரத்தைப் போல் குறைந்தது நான்கு மடங்கு இருந்தால் சாய்வு 15 பாகைக்குள் அமையும். பின்னோக்கி ஏற்றி முன்னோக்கி இறக்குமாறு பல கையேடுகள் கூறுகின்றன. எடைமிக்க எஞ்சின் பகுதி மேற்பக்கம் இருப்பதால், முன்பகுதி தூக்கிக்கொண்டு பின்னால் சாயும் இடர் இம்முறையில் குறைகிறது.

சரிசெய்தல்

கீழ்க்காணும் வரிசையில் சரிசெய்வது சிறந்தது. முதலாவது படியைத் தவிர்த்தால் மற்ற அளவுகள் பொருளற்றுப் போகும்.

1. காற்றழுத்தம்: நான்கு சக்கரங்களிலும் கையேட்டில் கூறிய அழுத்தம் இருக்க வேண்டும். வெட்டு சாய்வாக இருத்தல், இயந்திரம் ஒருபக்கம் இழுத்தல் ஆகிய குறைகள் பலமுறை இதனாலேயே ஏற்படுகின்றன.
2. பக்கவாட்டு மட்டம்: சமமான கற்காரைத் தளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சாவியையும் ஸ்பார்க் பிளக் கம்பிகளையும் நீக்கிவிட்டு, தடித்த கையுறை அணிந்து கத்திகளைக் குறுக்காகத் திருப்பி, இடது வலது முனைகளின் உயரத்தை அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருக்குமாறு வெட்டுத்தளம் தொங்கும் சங்கிலிகளை அல்லது திருகுகளைச் சரிசெய்ய வேண்டும்.
3. முன்பின் சாய்வு: கத்தியின் முன்முனை பின்முனையைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். பல வகைகளில் இது 3 முதல் 6 மி.மீ. ஆகும். பின்முனை தாழ்ந்திருந்தால் ஒரே புல் இருமுறை வெட்டுப்பட்டு எஞ்சினுக்குச் சுமை கூடும்.
4. நடுநிலை: நெம்புகோல்கள் நடுநிலையில் இருந்தும் இயந்திரம் மெல்ல நகர்ந்தால் இணைப்புத் தண்டின் நீளத்தை மாற்ற வேண்டும். பின்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தித் தாங்கிகள் மீது நிறுத்திச் செய்யும் வேலை இது என்பதால், பயிற்சி பெற்றவரிடம் விடுவது நல்லது.
5. நேரோட்டம்: இரண்டு நெம்புகோல்களும் முழுமையாக முன்னே இருக்கும்போது இயந்திரம் இடப்பக்கம் விலகினால், வலச்சக்கரம் கூடுதல் வேகத்தில் சுழல்கிறது என்று பொருள். வேகமான பக்கத்தின் நெம்புகோல் நிறுத்தத் திருகைச் சரிசெய்து அவ்வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பராமரிப்பு

பராமரிப்புக் கால அளவுகள் எஞ்சின் ஓடிய மணிநேரத்தில் கணக்கிடப்படுகின்றன. பொதுவான நடைமுறை வருமாறு:

- நாள்தோறும்: எஞ்சின் எண்ணெய் மட்டம், காற்றழுத்தம், தானியங்கு நிறுத்த அமைப்பு ஆகியவற்றைப் பார்த்தல், எஞ்சின் குளிர்வுப் பகுதியிலும் புகைபோக்கியைச் சுற்றியும் சேர்ந்த காய்ந்த புல்லை அகற்றுதல். இக்காய்ந்த புல் தீப்பற்றக்கூடியது.
- ஏறத்தாழ 25 முதல் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை: கத்திகளைக் கூர்தீட்டல், சுழல் சக்கரங்களுக்கும் பிற மூட்டுகளுக்கும் மசகு இடுதல், காற்று வடிகட்டியைத் தூய்மை செய்தல்.
- ஏறத்தாழ 100 மணி நேரத்துக்கு ஒருமுறை: எஞ்சின் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுதல், பட்டைகளில் வெடிப்பு உள்ளதா எனப் பார்த்தல். புதிய எஞ்சின்களில் முதல் எண்ணெய் மாற்றத்தைச் சில மணி நேரத்திலேயே செய்யுமாறு சில உற்பத்தியாளர்கள் கூறுகின்றனர்.

கத்தியைக் கழற்றும்போது அது சுழலாதிருக்க, கத்திக்கும் தளத்துக்கும் இடையே மரக்கட்டையை வைக்க வேண்டும். உயர்த்திய இயந்திரத்தின் அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல், உறுதியான தாங்கிகளை வைக்க வேண்டும். கூர்தீட்டிய கத்தியின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டினால், எடை மிகுந்த பக்கம் தாழும். அப்பக்கத்தை மேலும் சிறிது தீட்டிச் சமன்செய்ய வேண்டும். சமனற்ற கத்தியின் அதிர்வு தாங்குருளைகளைக் கெடுக்கும். வளைந்த அல்லது வெடித்த கத்தியை நிமிர்த்தியோ பற்றவைத்தோ பயன்படுத்தக் கூடாது. அது சுழலும்போது உடைந்து பறக்கலாம்.

ஹைட்ரோஸ்டாடிக் எண்ணெயை மாற்றிய பின், கையேட்டில் உள்ளவாறு அமைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். எண்ணெய்க் குழாய்களில் கசிவு உண்டா என்பதைக் கையால் தடவிப் பார்க்கலாகாது; அட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். உயர் அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்ல வல்லது. காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படும்.

எஞ்சின் ஓடாதபோது இயந்திரத்தைத் தள்ளி நகர்த்த, செலுத்திகளில் விடுவிப்பு நெம்புகோல்கள் உள்ளன. இவற்றை விடுவித்த நிலையில் பின்சக்கரங்கள் கட்டற்று உருளும் என்பதால், சரிவில் இதனைச் செய்யக் கூடாது.

குளிர்காலச் சேமிப்பு

புல் வளராத குளிர்கால மாதங்களில் இயந்திரம் பயன்படுத்தப்படாமல் இருக்கும். அதற்கு முன் வெட்டுத்தளத்தின் அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டி எடுத்து உலர்த்த வேண்டும், இல்லையேல் துருப்பிடிக்கும். எரிபொருளில் நிலைப்படுத்தி கலந்து சில நிமிடங்கள் எஞ்சினை ஓடவிட வேண்டும், அல்லது எரிபொருளை முற்றிலும் வடித்துவிட வேண்டும். மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, மீண்டும் இணைக்கும்போது அதனை இறுதியில் இணைக்க வேண்டும். பெட்ரோல் உள்ள இயந்திரத்தை நீர்சூடாக்கி, உலர்த்தி போன்று சுடர் எரியும் கருவிகள் உள்ள அறையில் வைக்கக் கூடாது. வசந்த காலத்தில் மீண்டும் எடுக்கும்போது காற்றழுத்தம், பிரேக், தானியங்கு நிறுத்த அமைப்பு ஆகியவற்றைச் சோதித்த பின்னரே முதல் வெட்டைத் தொடங்க வேண்டும்.